பெருங்காயம் சேர்ந்தால் சுத்த சைவம் இல்லை!

இந்த முறை, மேற்படிப்புக்காகத் தைவான் போகும் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் அனுப்பிய கேள்விகள். ஷின்ச்சு நகரில் ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்று, இப்போது கோவையில் கல்லூரி ஆசிரியையாக இருப்பவர் பதில் சொல்கிறார்.

கேள்வி: என் மகளுக்கு ஷின்ச்சுவில் ஆய்வு மாணவியாக இடம் கிடைத்திருக்கிறது. முட்டைகூடத் தொடமாட்டாள். "அங்கே பாம்பும் தவளையும்தான் சாப்பாடு" என்று உறவினர் ஒருவர் பயமுறுத்துகிறார். பட்டினி கிடப்பாளோ? (வாசகி, தாராபுரம்)

பட்டினியா? எடை கூடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். பௌத்தமும் தாவோ வழிபாடும் ஊறிய தீவு அது. சந்திர மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும், அதாவது அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, அசைவத்தை ஒதுக்குகிறவர்கள் ஏராளம். அந்த நாட்களில் சைவ உணவகத்துக்குப் பன்னிரண்டு மணிக்கு முன்பே போய்விட வேண்டும். தாமதித்தால் தட்டில் முட்டைக்கோஸ்தான் மிஞ்சும்.

மகள் விமானம் ஏறும் முன் கற்றுக்கொள்ள வேண்டியது ஒரே ஓர் எழுத்து. உச்சரிப்பு 'ஸூ'. மேலே மூன்று கிடைக்கோடுகளை ஒரு நெடுங்கோடு குத்திக்கொண்டு இறங்கும். கீழே முறுக்கிய நூல்போல ஓர் உரு. அந்த எழுத்து பலகையில் இருந்தால் சைவக் கடை. பக்கத்தில் பௌத்தர்களின் ஸ்வஸ்திகமும் பெரும்பாலும் இருக்கும். உள்ளே ஓர் அட்டைப் பெட்டியையும் இடுக்கியையும் எடுத்துக்கொண்டு வரிசையில் நகர வேண்டும். கத்தரிக்காய், பாகற்காய், மூங்கில் குருத்து, கடற்பாசி, விதவிதமான டோஃபு (சோயாப் பாலில் செய்யும் கட்டி), காளான். வேண்டியதை அள்ளிக்கொண்டு கல்லாவுக்குப் போனால் பெட்டியைத் தராசில் வைத்து எடைக்கு விலை சொல்வார்கள். நூறு தைவான் டாலருக்கு முன்பின் ஆகும். ஒரு டாலர் மூன்று ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. ஒரு யோசனை: பூசணியும் உருளைக்கிழங்கும் கனம். கீரையும் காளானும் தராசை ஏமாற்றும்.

கடையில் விற்கும் பொட்டலங்களில் சைவத்தை ஐந்து வகையாகப் பிரித்து அச்சிடுகிறார்கள்: முழுச் சைவம், முட்டை சேர்ந்தது, பால் சேர்ந்தது, இரண்டும் சேர்ந்தது, ஐந்து கார மணப்பொருள்களில் ஏதேனும் சேர்ந்தது. இந்தக் கடைசி வகைதான் நம்மவர்களைத் திகைக்க வைக்கும். வெங்காய வகை, பூண்டு, பூண்டுத் தழை, ராக்கியோ என்னும் சிறு வெங்காயம், ஐந்தாவதாகப் பெருங்காயம்! சின்ன வெங்காயமும் பெருங்காயமும் போட்டு நீங்கள் வைக்கும் சாம்பார் அந்த ஊர்க் கணக்கில் சுத்த சைவம் ஆகாது. கடும் விரதக்காரரான சைவக் கடைப் பாட்டி ஒருவரிடம் எங்கள் சமையலை விவரித்தபோது, அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

எச்சரிக்கை இரண்டு. பேக்கரியில் தலையில் பழுப்புப் பஞ்சு ஒட்டிய பன் இருக்கும். தேங்காய்த் துருவல் என்று எண்ணிக் கடித்துவிட வேண்டாம், அது பன்றி இறைச்சியைப் பிய்த்து உலர்த்திய தூள். அடுத்தது, சாதாரண உணவகத்தில் கீரை வதக்கல் கேட்டாலும் பன்றிக் கொழுப்பில் வதக்கியிருக்கலாம். "இறைச்சி இல்லை" என்று சொன்னால் போதாது. "நான் ஸூ சாப்பிடுகிறவள்" என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னவுடன் கடைக்காரர் முகம் மாறுவதைப் பார்ப்பாள். மதிப்போடு நடத்துவார்கள்.

கேள்வி: எனக்கு எல்லாம் சாப்பிட ஆசை. இரவுச் சந்தையில் எங்கிருந்து தொடங்குவது? நாற்றமடிக்கும் டோஃபு உண்மையிலேயே அவ்வளவு மோசமா? (மாணவர், ராஜபாளையம்)

தம்பி, வெறும் வயிற்றோடு போங்கள், கூட இரண்டு பேரை அழைத்துக்கொண்டு போங்கள். ஒவ்வொன்றிலும் ஒன்று வாங்கி மூவரும் பங்கிட்டால்தான் ஏழெட்டுக் கடையைத் தாண்ட முடியும்.

முதலில் வெங்காயத்தாள் ரொட்டி. மைதா மாவை எண்ணெய் தடவிச் சுருட்டி, தட்டி, தோசைக்கல்லில் போட்டு, வெந்ததும் இரண்டு கரண்டியால் ஓரங்களிலிருந்து நெருக்கி அடித்து அடுக்கு விட வைப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டால் நம்மூர்ப் பரோட்டாக் கடையில் நிற்கிறோம். சால்னா மட்டும் கிடைக்காது. இனிப்பான சோயாக் குழம்பைத் தடவித் தருவார்கள். இந்தத் துக்கத்தை நான் முழுதாகக் கடந்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன்.

தைப்பேயின் ராவோஹே சந்தை நுழைவாயிலில் மிளகு பன் விற்கிறார்கள். மிளகில் புரட்டிய பன்றி இறைச்சியையும் வெங்காயத்தாளையும் மாவுக்குள் பொதிந்து, தந்தூர் போன்ற மண் அடுப்பின் உட்சுவரில் ஒட்டிச் சுடுவார்கள். கடித்தவுடன் கொதிக்கும் சாறு பீறிடும். ஓரத்தில் சின்னதாக ஓட்டை போட்டு, ஆவி போகவிட்டுச் சாப்பிடுங்கள். சிப்பி ஆம்லெட் எனக்குப் பிடிக்காது. கிழங்கு மாவுக் கூழின் வழவழப்பு என் நாக்குக்கு ஒத்துவரவில்லை. உங்களுக்குப் பிடிக்கலாம்.

டோஃபு விவகாரத்துக்கு வருகிறேன். புளிக்க வைத்த உப்புச் சாற்றில் ஊறப்போட்டுப் பொரிப்பது அது. நாற்றம் தெருமுனையிலேயே வரவேற்கும். சாக்கடை நினைவு வந்தால் உங்கள் மூக்கில் கோளாறில்லை. ஆனால் வாய்க்குள் போனபின் நாற்றம் அடங்கிவிடுகிறது. வெளியே மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு, கூடவே புளித்த முட்டைக்கோஸ். முதல் துண்டைச் சூடாகச் சாப்பிடுங்கள். ஆறினால் நாற்றம் ஜெயித்துவிடும். சைவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்தச் சாற்றில் இறால் அல்லது இறைச்சி போட்டிருக்கலாம், கேட்காமல் வாங்க வேண்டாம்.

தைனானில் படிப்பவர்களுக்கு: அங்குள்ள பூந்தோட்ட இரவுச் சந்தை வியாழன், சனி, ஞாயிறு மட்டுமே. வெள்ளிக்கிழமை போனால் காலி மைதானத்தைச் சுற்றிப் பார்க்கலாம்.

கேள்வி: பால் தேநீரில் மிதக்கும் கறுப்பு உருண்டைகள் நம்மூர் ஜவ்வரிசியா? (வாசகர், சேலம்)

சேலத்துக்காரர் கேட்க வேண்டிய கேள்விதான்! மூலப்பொருள் ஒன்றே, மரவள்ளிக் கிழங்கு மாவு. அங்கே பெரிதாக உருட்டி, வேகவைத்து, வெல்லப் பாகில் ஊற வைக்கிறார்கள். 1980-களில் தைவானில் பிறந்த பானம் இது. கண்டுபிடித்தது நாங்கள்தான் என்று தைச்சுங்கில் ஒரு கடையும் தைனானில் ஒரு கடையும் நீதிமன்றம் வரை போய்ச் சண்டையிட்டன. சர்க்கரை எவ்வளவு, ஐஸ் எவ்வளவு என்று இரண்டு கேள்வி கேட்பார்கள். பாதிச் சர்க்கரை சொன்னாலே நமக்குப் போதும். குடித்துக்கொண்டே தைப்பே மெட்ரோவுக்குள் நுழையாதீர்கள். அங்கே தண்ணீர் குடித்தாலும் அபராதம்தான். 1,500 டாலரிலிருந்து தொடங்குகிறது.

கேள்வி: மகன் தைனானில் முதுகலை படிக்கிறான். வாரம் தவறாமல் கோட்டை, கோயில், மீன் கஞ்சி என்று படமாக அனுப்புகிறான். படிக்கப் போனானா, ஊர் சுற்றப் போனானா? (தந்தை, திருநெல்வேலி)

ஐயா, ஆய்வகத்தைப் படம் எடுத்தால் எல்லா நாளும் ஒரே படமாக இருக்கும், அதனால் அனுப்பவில்லை. வாராவாரம் ஆய்வுக் கூட்டத்தில் பேராசிரியர் முன் நின்று, போன வாரம் என்ன செய்தாய் என்ற கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அதிலிருந்து எந்தப் பிள்ளையும் தப்ப முடியாது.

அவன் அனுப்பும் கோட்டை 1624-இல் டச்சுக்காரர்கள் கட்டத் தொடங்கிய ஜீலாண்டியாவின் மிச்சமாக இருக்கும். நாகப்பட்டினத்தையும் பழவேற்காட்டையும் ஆண்ட அதே டச்சுக் கம்பெனிதான். மீன் கஞ்சி பால்கெண்டையில் செய்தது. அந்த ஊர் உப்பங்கழிகளில் குளம் வெட்டிக் காலங்காலமாக வளர்க்கிறார்கள். முள் அதிகம் என்பதால் வயிற்றுப் பகுதியை முள் எடுத்துக் காலையிலேயே கஞ்சியில் போடுகிறார்கள். தாமிரபரணிக்காரருக்கு இதைவிட நல்ல காலை உணவு அங்கே கிடைக்காது.

அறையில் அடைந்து, குக்கரில் தினமும் தக்காளிச் சாதம் வைத்துக்கொண்டு, ஊரோடு ஒட்டாமல் இருந்த பிள்ளைகளைத்தான் நான் கவலையோடு பார்த்திருக்கிறேன். இரண்டாவது குளிர்காலத்தில் அவர்கள் ஒடிந்துபோனார்கள். படம் வருவது நின்றால் அப்போது எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: உதவித்தொகையில் காலம் தள்ள வேண்டும். ஷின்ச்சுவில் இருந்துகொண்டு செலவில்லாமல் எதைப் பார்க்கலாம்? எல்லோரும் தைப்பே 101 என்கிறார்கள். (மாணவி, விருதுநகர்)

508 மீட்டர் கோபுரத்தைக் கீழே நின்று பார்க்கக் காசு இல்லை. மேலே ஏறுகிற காசுக்குப் பல வேளை சாப்பிடலாம். அருகிலுள்ள யானை மலைப் படிகளில் மூச்சு வாங்க ஏறினால் கோபுரமும் நகரமும் சேர்ந்தே தெரியும், இலவசமாக.

என் கட்சி வேறு. சாப்பிடுகிற பொருள் எங்கே விளைகிறதோ, எங்கே காய்கிறதோ, அந்த ஊருக்குப் போங்கள். பார்க்க வேண்டியது தானாக வந்துவிடும். ஷின்ச்சுவைக் காற்று நகரம் என்பார்கள். இலையுதிர் காலத்தில் வடகிழக்குப் பருவக்காற்று குடையைப் பிடுங்கிக்கொண்டு போகும். நமக்கு மழை கொண்டுவருகிற அதே பருவக்காற்றுதான், அங்கே அந்தப் பக்கத்தில் உலர்ந்து வீசுகிறது. புலம்புவதற்குப் பதில் அந்த ஊர்க்காரர்கள் அதை வைத்துப் பிழைக்கிறார்கள். அரிசி சேமியாவை மூங்கில் தட்டிகளில் பரப்பிக் காற்றில் உலர்த்துவது ஷின்ச்சுவின் பழைய தொழில். நகர தெய்வத்தின் கோயில் முற்றத்தைச் சுற்றி உள்ள கடைகளில் அந்தச் சேமியாவை வறுத்துத் தருவார்கள். 1748-இல் கட்டிய கோயில். சாமி கும்பிட வருகிறவர்களைவிடச் சாப்பிட வருகிறவர்கள் அதிகம்.

அக்டோபர், நவம்பரில் ஷின்பு என்னும் சிற்றூருக்குப் பஸ் ஏறுங்கள். சீனாவிலிருந்து வந்து குடியேறிய, தனி மொழி பேசும் ஹக்கா மக்களின் ஊர். பெர்சிமன் எனப்படும் சீமைப் பனிச்சைப் பழத்தைத் தோல் சீவி, ஆள் உயர வட்டத்துக்கு மூங்கில் தட்டுகளில் அடுக்கி, முற்றம் முழுவதும் காயவைத்திருப்பார்கள். கண் கூசும் ஆரஞ்சு நிறம். பாட்டிகள் வரிசையாக உட்கார்ந்து ஒவ்வொரு பழத்தையும் கட்டைவிரலால் மெதுவாக அமுக்கி விடுவார்கள். ஒரே நாளில் அழுத்தினால் கிழிந்துவிடும். காயக் காயக் கொஞ்சம் கொஞ்சமாக அமுக்கினால்தான் உள்ளே கூழாகி, வெளியே தட்டையாகி, சர்க்கரை ஏறும். சீவிய தோலையும் வீணாக்குவதில்லை. துணிக்குச் சாயம் போடுகிறார்கள். பழம் வாங்கினால் போதும், நாள் முழுவதும் நின்று பார்க்கலாம்.

இன்னொரு நாள் ரயிலில் சூதுங் வரை போய், அங்கிருந்து பஸ்ஸில் பெய்பு. அதுவும் ஹக்கா ஊர்தான். 'லெய் ச்சா' என்று தேநீர் அரைத்துக் குடிப்பார்கள். அரைப்பது நீங்கள்தான்! உட்புறம் வரிவரியாகக் கீறிய மண் சட்டியையும் கொய்யாமரக் கட்டை ஒன்றையும் கையில் கொடுத்துவிடுவார்கள். தேயிலை, எள், வேர்க்கடலை. சுற்றிச் சுற்றி அரைத்தால் முதலில் தூளாகும், அப்புறம் எண்ணெய் கசிந்து விழுதாகிச் சட்டியில் ஒட்டும். தோள் வலிக்கும். அந்த நிலையில் கொதிநீர் ஊற்றி, பொரி தூவிக் குடிக்க வேண்டும். இனிப்பான இந்த வடிவம் சுற்றுலாக்காரர்களுக்காக மெருகேற்றியது. பழைய ஹக்கா வீடுகளில் உப்புப் போட்டுச் சோற்றோடு சாப்பிட்ட உணவு. அதனால் ருசி குறைந்துவிடவில்லை. நால்வர் சேர்ந்து ஒரு சட்டி வாங்குங்கள், செலவும் பங்காகும், தோள்வலியும் பங்காகும்.

சூதுங்கில் இறங்காமல் அதே ரயிலில் கடைசி நிலையமான நெய்வான் வரை போனால், காட்டு இஞ்சிப்பூ இலையில் மடித்து அவித்த சோற்றுப் பொட்டலம் விற்கிறார்கள். டிக்கெட் நூறு டாலருக்குள். பொட்டலத்துக்குள் பன்றி இறைச்சி இருக்கும். சைவப் பொட்டலம் இருக்கிறதா என்று தனியே கேளுங்கள்.

காகித விளக்கை வானில் பறக்கவிடும் பிங்ஷி என்ற ஊருக்குப் போகலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். போகலாம். எரிந்து முடிந்த கூடுகள் மலை முழுக்க மரங்களில் தொங்குவதையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: ஊட்டி ரயிலிலேயே வளர்ந்தவன் நான். அலிஷான் மலை ரயிலுக்குப் பணம் செலவழிக்கலாமா? (மாணவர், குன்னூர்)

நீங்கள்தான் கட்டாயம் போக வேண்டும். மேட்டுப்பாளையம் 326 மீட்டர், உதகை 2,203. அலிஷான் பாதை சியாயி நகரில் 30 மீட்டரில் புறப்பட்டு 2,216 மீட்டரில் முடிகிறது. உச்சி இரண்டுக்கும் வித்தியாசம் பதின்மூன்று மீட்டர்! ஆனால் ஏறும் வழி வேறு. நம்முடையது பல்சக்கரத்தால் தண்டவாளத்தைக் கவ்வி ஏறுகிறது. அங்கே பல் கிடையாது. ஒரே மலையை மூன்று சுற்றுச் சுற்றி ஏறுகிறது, அதற்கும் மேலே போனால் முன்னும் பின்னுமாக மாறி மாறி ஓடி ஏறுகிறது. ஜப்பானியர் ஆட்சியில் சைப்ரஸ் வகை மரங்களை வெட்டி இறக்கப் போட்ட பாதை. 1912-இல் ஓடத் தொடங்கியது. 2009 புயலில் சிதைந்து, 2024 ஜூலையில்தான் முழுப் பாதையும் திரும்பத் திறந்தது. டிக்கெட் விற்பனை தொடங்கும் நாளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், சீக்கிரம் தீர்ந்துவிடும்.

பாதி வழியில் ஃபென்சிஹு நிலையம். பழைய நாளில் மேலே போகும் ரயிலும் கீழே வரும் ரயிலும் நண்பகலில் அங்கே சந்திக்கும். அதனால் பிறந்தது அந்த நிலையத்தின் சாப்பாட்டுப் பெட்டி. சோறு, பொரித்த கோழி, ஊறவைத்த முட்டை. அதை வாங்காமல் திரும்பினால் பாதிப் பயணம்தான்.

சியாயி வரை அதிவேக ரயிலில் போனால் பல்கலைக்கழக மாணவர்களுக்கென்று குறிப்பிட்ட வண்டிகளில் பாதி விலை வரை தள்ளுபடி உண்டு. தாரோகோ பள்ளத்தாக்கையும் பட்டியலில் வைத்திருந்தால், 2024 ஏப்ரல் 3 நிலநடுக்கத்தில் பாதைகள் சிதைந்துபோயின என்பதை நினைவில் வையுங்கள். எது திறந்திருக்கிறது என்று பூங்கா அறிவிப்பைப் பார்த்தபின் கிளம்புங்கள்.

கேள்வி: பெட்டியில் எதைக் கொண்டு போவது? அம்மா அரிசி மூட்டையே கட்டுகிறார். (மாணவி, பட்டுக்கோட்டை)

அரிசி வேண்டாம், அது அரிசி விளையும் தேசம். புளி, சாம்பார்ப் பொடி, உளுந்து, கடுகு, இட்லித் தட்டு. பச்சைக் கறிவேப்பிலையைச் சேலைக்குள் ஒளித்துக்கொண்டு போகாதீர்கள். பழம், காய், செடி எல்லாவற்றுக்கும் விமான நிலையத்தில் தாவரத் தடுப்புச் சோதனை உண்டு, மோப்ப நாயும் உண்டு. இறைச்சிப் பண்டம் எதுவும் கூடாது. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் (பன்றிகளைக் கொல்லும் நோய்) பரவிய நாடுகளிலிருந்து பன்றி இறைச்சி கொண்டு வந்தால் முதல் முறையே அபராதம் இரண்டு லட்சம் தைவான் டாலர்.

குக்கரும் வேண்டாம். அங்கே போய் ஒரு டாட்டுங் மின் பானை வாங்குங்கள். 1960-லிருந்து விற்கிறார்கள், படிப்பு முடிந்து ஊர் திரும்பும் மூத்த மாணவர்களிடம் பாதி விலைக்குக் கிடைக்கும். வெளிப் பானையில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி, உள்ளே பாத்திரத்தை வைத்துப் பொத்தானை அழுத்த வேண்டியதுதான். தண்ணீர் வற்றியதும் 'டக்' என்று தானே அணையும். இட்லி அருமையாக வேகும். விடுதி அறையில் சமைக்க அனுமதி உண்டா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பல விடுதிகளில் பொதுச் சமையலறையில் மட்டும்தான்.

கேள்வி: மாட்டிறைச்சி நூடுல்ஸ்தான் தைவானின் தேசிய உணவாமே. வேண்டாம் என்றால் கேலி செய்வார்களா? (மாணவர், சிவகாசி)

மாட்டார்கள். உழவுக்கு உதவிய மாட்டைத் தின்னக் கூடாது என்று தொடாமலிருக்கும் பழைய விவசாயக் குடும்பங்கள் அங்கேயும் உண்டு. ஒரு சொல் போதும், விளக்கவுரை வேண்டாம்.

கேள்வி: அங்கே வெற்றிலை பாக்கு போடுவார்களாமே? பேரனிடம் வாங்கிவரச் சொல்லலாமா? (வாசகர், கும்பகோணம்)

போடுகிறார்கள் ஐயா. பச்சைப் பாக்கை முழுதாக, சுண்ணாம்பு தடவி, வெற்றிலையில் சுற்றியோ வெற்றிலைக் கொடியின் பூங்காயை நடுவில் வைத்தோ தருவார்கள். புகையிலை சேர்ப்பதில்லை. இருந்தும் வாய்ப்புற்று அங்கே பெரும் பிரச்சினை. பாக்கே அதற்குக் காரணம் என்று அரசு ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது. தெருவில் துப்பினால் அபராதம். பேரனிடம் சீத்தாப்பழம் பற்றிக் கேளுங்கள், அது நல்ல சமாச்சாரம். தைதுங் பக்கத்தில் விளைவது, ஒரு கையில் அடங்காத அளவு. 'ஷிஜியா' என்று கேட்டு வாங்க வேண்டும். இரண்டு நாள் அறையில் வைத்துப் பழுக்கவிடட்டும்.

கேள்வி: திருவிழா பார்க்க எந்த மாதம் நல்லது? (மாணவி, பழனி)

சந்திரக் கணக்கில் மூன்றாம் மாதம், நமக்கு ஏப்ரலை ஒட்டி. கடலோடிகளைக் காக்கும் மாட்ஸு தேவியின் பல்லக்கு தைச்சுங் அருகிலுள்ள தாஜியா கோயிலிலிருந்து புறப்பட்டு, ஒன்பது நாள் எட்டு இரவில் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் நடந்தே சென்று திரும்புகிறது. வழியெங்கும் வீட்டு வாசலில் மேசை போட்டுச் சேமியா, பழம், தேநீர், வேகவைத்த முட்டை என்று நடக்கிறவர்களுக்கு இலவசமாகத் திணிப்பார்கள். மறுத்தால் துரத்திக்கொண்டு வந்து கொடுப்பார்கள். பல்லக்கு வரும்போது சாலையில் வரிசையாகக் குப்புறப் படுப்பார்கள், அது தங்கள் மேல் கடந்து போகட்டும் என்று. வெளிநாட்டுப் பெண் என்று யாரும் ஒதுக்க மாட்டார்கள், நீங்களும் படுக்கலாம். முழுத் தூரமும் நடக்க வேண்டியதில்லை, ஒரு நாள் போதும். பழனிக்காரருக்குப் பாதயாத்திரை பற்றி நான் மேலும் சொல்ல என்ன இருக்கிறது?

சந்திரப் புத்தாண்டு விடுமுறையில் மட்டும் எச்சரிக்கை. சிறு கடைகள் பல நாள் மூடிக்கிடக்கும், ரயிலில் இடம் கிடைக்காது. அரிசி பருப்பு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மகள் வாடகை அறையில் இருக்கிறாள். சாயங்காலமானால் தெருவில் பீத்தோவன் இசை கேட்கிறது, ஐஸ்கிரீம் வண்டி போலிருக்கிறது என்று எழுதுகிறாள். உண்மையா? (வாசகி, மயிலாடுதுறை)

குப்பை வண்டி, அம்மா. அங்கே தெருமுனைத் தொட்டி கிடையாது; வண்டி வரும்போது அவரவர் பையைக் கொண்டுபோய்ப் போட வேண்டும். உணவுக் கழிவுக்குப் பின்னால் தனி வாளி தொங்கும். பாட்டு கேட்டவுடன் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடச் சொல்லுங்கள்.